பிளாக் வாட்ச் ரெஜிமென்ட்: கலைத்த பிறகும் ஆண்டு தவறாமல் கூடுகிறார்களே, எப்படி?

டே நதிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. நான் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரத்தில் வசிக்கிறேன். ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் பெயர் கொடுத்த பழைய ஊர் இது. ஊரின் வடக்கே நார்த் இன்ச் என்று பெரிய புல்வெளிப் பூங்கா இருக்கிறது. அதை ஒட்டியே பால்ஹௌசி கோட்டை. பிளாக் வாட்ச் என்கிற ஹைலேண்டு (ஸ்காட்லாந்தின் மலைநாடு) காலாட்படை ரெஜிமென்டின் தலைமையகமும் அருங்காட்சியகமும் 1962 முதல் அங்கேதான் இருக்கின்றன. வாடகைக்கு இருந்த கட்டடத்தை 2009இல் ரெஜிமென்டே விலைக்கு வாங்கி, ஊர் ஊராகப் பணம் திரட்டிப் புதுப்பித்து, 2013இல் மறுபடி திறந்தார்கள்.

கோடையில் பழைய வீரர்கள் அங்கே கூடுவார்கள். கரும்பச்சையும் கருநீலமும் கலந்த டார்ட்டன் (ஸ்காட்லாந்தின் கட்டம் போட்ட துணி) கழுத்துப்பட்டை, தட்டையான கம்பளித் தொப்பி, அதன் இடப்பக்கம் நிமிர்ந்து நிற்கும் சிவப்பு இறகுக் குஞ்சம். அந்தக் குஞ்சத்துக்கு ரெட் ஹேக்கிள் என்று பெயர். தொண்ணூறை நெருங்கும் பெரியவர்கள்கூட பேக்பைப் கேட்டதும் முதுகை நிமிர்த்தி அடி பிசகாமல் நடக்கிறார்கள். கூட்டத்தில் ஒரு சிறுவன் தன் சட்டையின் வலது பக்கம் பதக்கங்கள் குத்தியிருந்தான். தானே சேவை செய்து பெற்ற பதக்கம் என்றால் இடது மார்பில், தாத்தாவுடையது என்றால் வலது மார்பில் என்பது இங்கே வழக்கம்.

என் கேள்வி இதுதான். தனி ரெஜிமென்டாக பிளாக் வாட்ச் இப்போது இல்லை. 2006 மார்ச் 28 அன்று மற்ற ஸ்காட்டிஷ் காலாட்படை ரெஜிமென்டுகளோடு சேர்த்து ராயல் ரெஜிமென்ட் ஆஃப் ஸ்காட்லாந்து என்று ஆக்கிவிட்டார்கள். பிளாக் வாட்ச் அதில் மூன்றாவது பட்டாலியன், அதாவது ஒரு உட்பிரிவு. அப்படியிருக்க, இந்த ஆண்டுக் கூடல்களையும் சடங்குகளையும் தாங்கிப் பிடிப்பது யார்? ராணுவமா, ஊரா, குடும்பங்களா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

பழஞ்சுவடி

நல்ல இழை. முதலில் கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் சடங்குகள் புரியும்.

ஸ்டூவர்ட் வம்சத்தை மறுபடி அரியணை ஏற்ற எழுந்த 1715 கலகத்துக்குப் பிறகு ஹைலேண்டு மலைநாட்டைக் கண்காணிக்க, 1725இல் ஜெனரல் வேட் ஆறு தனிக் கம்பெனிகளை அமர்த்தினார். அரசாங்கத்துக்கு விசுவாசமான குலங்களிலிருந்து ஆள் எடுத்தார்கள். 1739இல் இன்னும் நான்கு கம்பெனி சேர்த்து ஒரே ரெஜிமென்டாக்கினார்கள். 1740 மே மாதம் டே ஆற்றங்கரையில் அபர்ஃபெல்டியில் முதல் அணிவகுப்பு. வேட் கட்டிய 1733ஆம் ஆண்டுப் பாலத்துக்குப் பக்கத்தில் இன்றும் அங்கே நினைவுச்சின்னம் இருக்கிறது. 1887இல் எழுப்பியது.

அந்தச் சின்னத்தின் உச்சியில் நிற்கும் வீரனைக் கவனியுங்கள். 1743இல் இந்த ரெஜிமென்டை லண்டனுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். ஹைலேண்டைக் காக்கத்தான் சேர்ந்தோம், நம்மை மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று வதந்தி பரவ, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஊரை நோக்கித் திரும்பி நடந்துவிட்டார்கள். வழியில் பிடிபட்டார்கள். மூன்று பேரை லண்டன் டவரில் சுட்டுக் கொன்றார்கள். அந்த மூவரில் ஒருவரான ஃபர்குஹர் ஷாவின் உருவம் என்றுதான் அந்தச் சிலையைச் சொல்கிறார்கள். ராணுவம் கலகக்காரன் என்று சுட்ட ஒருவனைத் தன் பிறந்த இடத்தின் உச்சியில் வைத்திருக்கிறது இந்த ரெஜிமென்ட். எனக்கு இதன்மீது மரியாதை வந்தது அங்கேதான்.

ஆண்டின் முதல் பெரிய நாள் ஜனவரி 5, ரெட் ஹேக்கிள் நாள். 1795இல் அதே தேதியில் நெதர்லாந்தின் கெல்டர்மால்சன் ஊரில் குதிரைப்படை கைவிட்டுப் போன பீரங்கிகளை இவர்கள் மீட்டார்கள். அதற்குப் பரிசாகத்தான் சிவப்பு இறகு கிடைத்தது என்பது ரெஜிமென்டின் மரபு. அதே ஆண்டு ஜூன் 4, அரசரின் பிறந்தநாளில், இங்கிலாந்தின் ராய்ஸ்டன் ஊரில் இறகுகளைக் கொடுத்தார்கள். கெல்டர்மால்சனுக்கும் இறகுக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்று வரலாற்றாசிரியர்கள் வாதாடுவார்கள். ஆனால் 1822இல் வந்த உத்தரவில் சந்தேகமே இல்லை: சிவப்பு இறகு 42ஆம் ரெஜிமென்டுக்கு, அதாவது பிளாக் வாட்சுக்கு மட்டும், வேறு யாரும் அணியக்கூடாது.

---

வெலிங்டன்காரன்

நான் மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்து ஓய்வு பெற்றவன். பழஞ்சுவடி ஐயா சொன்னதைப் படிக்கும்போது நம் யூனிட் ரைசிங் டே (படைப்பிரிவு தொடங்கிய நாள் விழா) கண் முன்னால் வந்து நின்றது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ரெஜிமென்ட் என்றால் துப்பாக்கியும் பேரேடும்தான். உள்ளே இருப்பவனுக்கு அது வருஷம் முழுக்க ஓடும் ஒரு கிராமத்து வாழ்க்கை. கோயில், விளையாட்டு, பராகானா, கல்யாணம், சாவு எல்லாம் அங்கேயே நடக்கும்.

பராகானா தெரியாதவர்களுக்கு: அதிகாரிகளும் ஜவான்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பெரிய விருந்து. அதிகாரிகளே பரிமாறுவதும் உண்டு. பிரிட்டிஷ் ராணுவத்திலும் இதற்கு ஒரு அண்ணன் இருக்கிறது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு மாதிரி நாட்களில் விடியற்காலையில் அதிகாரிகளும் சார்ஜென்ட்களும் பெரிய கெட்டில்களைத் தூக்கிக்கொண்டு பாரக்குக்குள் வருவார்கள். சிப்பாய் படுக்கையில் இருக்கும்போதே அவன் குவளையில் ரம் கலந்த சூடான தேநீரை ஊற்றுவார்கள். அதற்கு கன்ஃபயர் என்று பெயர். ஸ்காட்டிஷ் ரெஜிமென்டுகளில் பழைய காலத்தில் கிறிஸ்துமஸை விடப் புத்தாண்டுதான் பெரிய விழா. அவர்கள் ஊரிலேயே அப்படித்தான்.

இன்னொரு தொடர்பும் சொல்ல வேண்டும். 1803 செப்டம்பர் 23, மராத்தியருக்கு எதிரான அஸ்ஸாயே போர். அதில் மெட்ராஸ் பட்டாலியன்களும் ஸ்காட்லாந்தின் 74ஆம் ஹைலேண்டர்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். 74இல் களத்துக்குப் போன அதிகாரிகள் கிட்டத்தட்ட அத்தனை பேரும் விழுந்தார்கள். இந்த இரண்டு படைகளுக்கும் யானைச் சின்னம் கிடைத்தது. மெட்ராஸ் ரெஜிமென்டின் தொப்பிச் சின்னத்தில் இன்றும் இருப்பது அந்த அஸ்ஸாயே யானைதான். 74இன் வழிவந்தவர்கள் பிளாக் வாட்ச் இல்லை, ராயல் ரெஜிமென்ட் ஆஃப் ஸ்காட்லாந்தின் இரண்டாவது பட்டாலியன். ஆனாலும் ஒரே குடும்பத்தின் பங்காளிகள்தானே.

பேக்பைப்பும் அந்த வழியில் வந்ததுதான். நம் ராணுவத்தில் பைப் பேண்டு இல்லாத காலாட்படை ரெஜிமென்டை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

---

கரிசல்காடு

எல்லாரும் நெகிழ்ந்து எழுதுகிறீர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, சொல்லிவிடுகிறேன்.

பிளாக் வாட்சின் போர்க் கௌரவங்களில் மங்களூர், மைசூர், ஸ்ரீரங்கப்பட்டணம், லக்னோ என்று வரிசையாக இருக்கின்றன. 1783-84இல் மங்களூர்க் கோட்டைக்குள் இருந்துகொண்டு திப்புவின் முற்றுகையை எதிர்த்து நின்றது இவர்களுடைய இரண்டாம் பட்டாலியன். அது பிறகு 73ஆம் ரெஜிமென்டாகி 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்த அன்றும் அங்கே இருந்தது. அதே 73தான் 1817-18இல் இலங்கையில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஊவா கிளர்ச்சியை ஒடுக்கியது. ஊர்களை எரித்து, வயல்களை அழித்து ஒடுக்கிய கிளர்ச்சி அது. 1881இல் 42ஐயும் 73ஐயும் மறுபடி ஒன்றாக்கினார்கள்.

அவர்கள் ஆண்டு விழாவில் எதை நினைக்கிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. பெர்த்தில் இருப்பவர் அந்த அருங்காட்சியகத்தில் இதையும் பார்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

---

டண்டி மலர்

வணக்கம் எல்லோருக்கும். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், இப்போது டண்டியில் முதியோர் இல்லமொன்றில் வேலை. கரிசல்காடு அண்ணா சொல்வது எனக்கு விளங்குகிறது. ஊவா பற்றி எங்கட பள்ளிக்கூடத்திலும் படித்தனாங்கள். அதை மறக்கச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் இந்த ஊர்ச் சனம் எதை நினைத்து அழுகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

டண்டி சணல் ஊர். வங்காளத்துச் சணல் கப்பலில் வந்து இங்கே சாக்காகவும் படங்காகவும் நெய்யப்பட்டது. ஆலைகளில் வேலை செய்தது அநேகமாகப் பெண்கள், ஏனென்றால் அவர்களுக்குச் சம்பளம் குறைவு. ஆண்கள் பலருக்கு வேலையே இல்லை. அப்படிப்பட்ட ஊரில் ராணுவத்தில் சேர்ந்தால் சாப்பாடும் சப்பாத்தும் கிடைக்கும். பிளாக் வாட்சின் நாலாவது பட்டாலியனை டண்டியின் சொந்தப் பட்டாலியன் என்றே கூப்பிட்டார்கள். ஆலைத் தொழிலாளி, கடைச் சிப்பந்தி, பத்திரிகைக்காரர் எல்லாம் ஒரே வரிசையில் நின்ற பட்டாலியன்.

1915 செப்டம்பர் 25, பிரான்சில் லோஸ் போர். அன்றைக்கு அந்த நாலாவது பட்டாலியனின் 20 அதிகாரிகளில் 19 பேர் இறந்தோ காயப்பட்டோ போனார்கள். ஆட்களில் பாதிக்கு மேல் அப்படித்தான். ஒரே தெருவில் பல வீடுகளுக்குத் தந்தி வந்த ஊர் இது. அந்தப் பட்டாலியனில் பாட்டனை இழந்த ஒரு அம்மா எங்கட இல்லத்தில் இருந்தார். அவருக்குப் பேரரசும் தெரியாது, கொடியில் என்ன எழுதியிருக்கிறது என்றும் தெரியாது. தன் பாட்டி புருசனில்லாமல் நாலு பிள்ளைகளை எப்படி வளர்த்தா என்றுதான் கதைப்பா.

ஊரின் நடுவில் லோ என்று ஒரு குன்று. உச்சியில் 1925இல் கட்டிய போர் நினைவுத் தூண். அதன் தலையில் ஒரு விளக்குக் கலசம் இருக்கிறது. அதை வருசத்தில் சில நாட்கள் மட்டும்தான் ஏற்றுவார்கள். லோஸ் நாளான செப்டம்பர் 25, ஐ.நா. நாளான அக்டோபர் 24, முதல் உலகப் போர் முடிந்த நவம்பர் 11, பிறகு போரில் இறந்தவர்களுக்காக நவம்பரில் வரும் நினைவு ஞாயிறு. இரவு வேலைக்குப் போகும்போது அந்த வெளிச்சம் தெரிந்தால், ஓ, இன்றைக்குச் செப்டம்பர் 25 என்று நினைவு வரும். டே நதிக்கரை கேட்ட கேள்விக்கு என் பதில்: ஊர்தான் தாங்குகிறது.

---

டே நதிக்கரை

மலர் அக்கா, நன்றி. இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

கரிசல்காடு கேட்டதற்கு: அருங்காட்சியகத்தில் இந்தியப் போர்களுக்கு இடம் இருக்கிறது. 1857-58இல் கான்பூர், லக்னோ. 1857 எழுச்சியை அடக்கிய போர்களில் மட்டும் ரெஜிமென்டுக்கு எட்டு விக்டோரியா கிராஸ், பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கம். எல்லாம் வீரம், பதக்கம் என்ற கோணத்தில்தான் சொல்கிறார்கள். எதிர்ப்பக்கம் இருந்தவர்களின் குரல் அங்கே குறைவு என்பதுதான் என் அபிப்பிராயம். உங்கள் கேள்வி நியாயமானது.

---

பழஞ்சுவடி

கரிசல்காடு சொல்வதை நானும் மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஹைலேண்டு சிப்பாய்களின் கதையே இரண்டு பக்கமும் கூர்மையானது. ஹைலேண்டுக் கலகக்காரர்கள் அரசுப் படையிடம் தோற்ற 1746 குலோடன் போருக்குப் பிறகு மலைநாட்டு மக்களுக்கு டார்ட்டன் உடை சட்டப்படி தடை. ராணுவத்தில் சேர்ந்தவனுக்கு மட்டும் விலக்கு. அந்தத் தடை 1782 வரை நீடித்தது. தன் சொந்த உடையை அணிய வேண்டுமானால் அரசரின் சிப்பாயாக வேண்டும். அப்படிச் சேர்ந்தவர்களைத்தான் அமெரிக்கக் காடுகளுக்கும் கர்நாடகக் கோட்டைகளுக்கும் அனுப்பினார்கள். 1758 ஜூலை 8 அன்று அமெரிக்காவின் டைகொண்டரோகாவில் ஒரே பிற்பகலில் அறுநூறு பேருக்கு மேல் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள்.

இப்போது ஆண்டு முழுக்க என்ன நடக்கிறது என்பதற்கு வருவோம். ஜனவரி 25, ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் நினைவாக பர்ன்ஸ் இரவு. ஆட்டின் ஈரல், இருதயத்தை ஓட்ஸோடு வேகவைத்த ஹேகிஸைத் தட்டில் ஏந்தி வர, முன்னால் ஒருவர் பேக்பைப் வாசித்துக்கொண்டே வருவார். இது நாடு முழுக்க உண்டு, ராணுவ மெஸ்களில் இன்னும் விமரிசை. நவம்பர் 30, ஸ்காட்லாந்தின் காவல் புனிதரான ஆண்ட்ரூ நாள்.

கோடை வந்தால் ஹைலேண்டு விளையாட்டுகள். செப்டம்பர் முதல் சனிக்கிழமை பிரேமாரில் நடப்பதுதான் பெரியது, அரச குடும்பமே வரும். அங்கே படைப்பிரிவுகளுக்கு இடையே கயிறு இழுக்கும் போட்டி ஒன்று உண்டு. பார்த்தவர்கள் சொல்வார்கள், இழுப்பதைவிடக் குதிகாலைப் புல்லில் பதிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறதாம். ஆகஸ்டில் எடின்பரோ கோட்டை வாசலில் மிலிட்டரி டாட்டூ என்கிற ராணுவ இசை விழா, 1950 முதல். பல ரெஜிமென்டுகளின் பைப்புகளும் டிரம்களும் ஒன்றாக வரும். கடைசியில் கோட்டை மதிலில் ஒற்றை ஆள் நின்று வாசிப்பார்.

---

வெலிங்டன்காரன்

பைப் வாசிப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் தனி இசைக்கலைஞர்கள் இல்லை. முதலில் காலாட்படைச் சிப்பாய்கள், போர்க்களத்துக்குப் போனால் இயந்திரத் துப்பாக்கி மாதிரி வேலை அவர்கள் தலையில் விழும். திரும்பி வந்தால் மறுபடி பைப். பயிற்சிக்கு எடின்பரோவில் ராணுவமே நடத்தும் தனிப் பள்ளி இருக்கிறது.

நடனமும் அப்படித்தான். ஹைலேண்டு ரெஜிமென்டில் புதிதாகச் சேரும் இளம் அதிகாரிகள் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் ரீல் என்கிற ஸ்காட்டிஷ் குழு நடனம் பழக வேண்டும். பைப் குழுவின் தலைவரான பைப் மேஜர் நின்று வாசிப்பார். கால் தப்பினால் மறுபடி முதலிலிருந்து. கேட்கும்போது விளையாட்டாகத் தெரியலாம். எட்டுப் பேர் ஒரே தாளத்தில் யார் எங்கே போவது என்று தெரிந்து நகர்வது டிரில்லின் இன்னொரு வடிவம். மெஸ் விருந்தில் ஆடும்போது சீனியர், ஜூனியர் வித்தியாசம் கொஞ்ச நேரத்துக்கு மறைந்துவிடும். நல்ல பட்டாலியனுக்கு இது மிகவும் தேவை.

---

பழஞ்சுவடி

ரீல் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1940 ஜூன் 12. பிரான்சின் டன்கர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் படைகள் தப்பிப் போன பிறகும் 51ஆம் ஹைலேண்டு டிவிஷன் பிரான்சில் பிரெஞ்சுப் படையோடு நின்றது. செயின்ட் வலேரி-ஆன்-கோ கடற்கரையில் சுற்றி வளைக்கப்பட்டுச் சரணடைந்தது. பிளாக் வாட்சின் முதல் பட்டாலியனும் அதில் மாட்டியது. ஐந்து வருடம் ஜெர்மானியச் சிறைமுகாம்களில். ஹைலேண்டில் ஒரு கைதியாவது இல்லாத ஊரைப் பார்ப்பது கஷ்டம் என்கிற நிலை.

முகாமில் இருந்த அதிகாரிகள் சிலர் சேர்ந்து ஒரு புதிய ரீல் நடனம் அமைத்தார்கள். 51ஆம் டிவிஷனின் ரீல் என்று அதற்குப் பெயர். ஆடுகிறவர்கள் நிற்கும் வரிசை ஒரு கட்டத்தில் குறுக்காக வெட்டும் பெருக்கல் குறியாக விரியும். அது ஸ்காட்லாந்துக் கொடியில் இருக்கும் புனித ஆண்ட்ரூ சிலுவை. இன்று அந்த நடனம் கல்யாண வீடுகளில், ஊர்ச் சமூகக் கூடங்களில் சாதாரணமாக ஆடப்படுகிறது. ரெஜிமென்டின் வாழ்க்கை ஊருக்குள் எப்படிக் கலக்கிறது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது. ஜூன் 12ஐ இன்னமும் செயின்ட் வலேரியிலும் ஸ்காட்லாந்திலும் நினைக்கிறார்கள். 1944 செப்டம்பரில் அதே ஊரை விடுவித்ததும் புதிதாகக் கட்டிய 51ஆம் டிவிஷன்தான். வேறு டிவிஷனுக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்திருந்தால் அந்த வீடுகளுக்கு மனசு ஆறியிருக்காது.

---

சின்னப்பொண்ணு

நடுவில் ஒரு சின்னக் கேள்வி. ஏதோ ஒரு ஸ்காட்டிஷ் ரெஜிமென்டில் குட்டிக் குதிரை ஒன்று எலிசபெத் ராணியின் பூங்கொத்தைத் தின்னப் போன படம் பார்த்தேனே, அது பிளாக் வாட்சா?

---

பழஞ்சுவடி

அது க்ருவாகன், ஷெட்லாந்து மட்டக்குதிரை. 1929இல் இளவரசி லூயிஸ் ஆர்கைல் என்கிற இன்னொரு ஸ்காட்டிஷ் ரெஜிமென்டுக்குக் கொடுத்த முதல் க்ருவாகனின் வாரிசு. இப்போது ராயல் ரெஜிமென்ட் ஆஃப் ஸ்காட்லாந்து முழுமைக்கும் அதுதான் செல்லம். பூங்கொத்துச் சம்பவம் 2017இல் ஸ்டெர்லிங் கோட்டையில். கோடையில் அரசர் பால்மோரல் அரண்மனைக்கு வரும்போது வாசலில் காவல் அணிவகுப்பு நிற்கும், க்ருவாகனும் நிற்கும். அதுவும் ஆண்டுக் காட்சிகளில் ஒன்று.

---

டே நதிக்கரை

2006 இணைப்புக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கே யாரிடம் பேசினாலும் அந்தப் பேச்சு வந்துவிடுகிறது. 2004 அக்டோபரில் பட்டாலியனை ஈராக்கில் கேம்ப் டாக்வுட் பக்கம் அனுப்பினார்கள். நவம்பர் 4 அன்று தற்கொலைத் தாக்குதலில் மூன்று வீரர்களும் அவர்களுடைய மொழிபெயர்ப்பாளரும் இறந்தார்கள். ஊர் துக்கத்தில் இருக்கும்போதே, டிசம்பர் 16 அன்று, ரெஜிமென்டுகளை இணைக்கப் போகிறோம் என்று லண்டன் அறிவித்தது. வயதான வீரர்கள் பதக்கம் குத்திக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் அந்த டிசம்பரைப் பற்றி இன்னும் குரலை உயர்த்தித்தான் பேசுகிறார்.

போராட்டம் இணைப்பை நிறுத்தவில்லை. ஆனால் ஒன்றைக் காப்பாற்றிக் கொடுத்தது. பட்டாலியன் பெயரில் பிளாக் வாட்ச் இருக்கிறது, தொப்பியில் இறகின் நிறம் இருக்கிறது. முதல் பட்டாலியனுக்குக் கறுப்பு, இரண்டுக்கு வெள்ளை, மூன்றான பிளாக் வாட்சுக்குச் சிவப்பு, நான்குக்கு நீலம், ஐந்துக்குப் பச்சை என்று ஒதுக்கினார்கள். ஒரு இறகுக்காக இத்தனை சண்டையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். சேர்ந்த புதிய பையனுக்கு அந்த இறகைக் கொடுக்கும் நாளில் அம்மா அப்பா முகத்தைப் பார்த்தால் கேட்க மாட்டார்கள்.

---

டண்டி மலர்

அந்தப் புதிய பையன்களில் ஃபிஜித் தீவுக்காரரும் உண்டு, அதை யாரும் சொல்லவில்லை. 1990களின் கடைசியிலிருந்து பிரிட்டிஷ் ராணுவத்தில் நிறைய ஃபிஜிப் பெடியன்கள் சேர்ந்தார்கள், பிளாக் வாட்சிலும். 2004 நவம்பரில் ஈராக்கில் இறந்தவர்களில் ஒரு ஃபிஜி வீரரும் இருந்தார். கில்ட் என்கிற டார்ட்டன் பாவாடை கட்டிக்கொண்டு, தேவாலயத்தில் ஃபிஜி மொழியில் நாலு குரலில் பாடுவதை ஒருக்கால் கேட்க வேண்டும். பெர்த்ஷயர், ஆங்கஸ், ஃபைஃப், டண்டி என்று நாலு இடத்து ஆட்களால் ஆன ரெஜிமென்ட் என்று முந்திச் சொல்வார்கள். இப்போது அந்தப் பட்டியல் நீண்டுபோச்சு. அந்த மனைவிமார், பிள்ளைகள் எல்லாம் இங்கத்தைய பள்ளிக்கூடங்களில்தான் படிக்கிறார்கள்.

நவம்பர் பற்றியும் எழுதுகிறேன். போரில் இறந்தவர் நினைவாகச் சட்டையில் குத்தும் பாப்பிப் பூவுக்கு இங்கே நாலு இதழ், இலை கிடையாது. இங்கிலாந்தில் விற்பது வேறு மாதிரி. எடின்பரோவில் லேடி ஹெய்க் 1926இல் தொடங்கிய தொழிற்சாலையில் ஊனமுற்ற பழைய வீரர்கள் கையால் செய்கிற பூ அது. எங்கட இல்லத்துக்கு ஒவ்வொரு வருசமும் பெட்டி வரும். நினைவு ஞாயிறு அன்று வரக்கூடிய ஆட்களைச் சக்கர நாற்காலியில் என்றாலும் கூட்டிக்கொண்டு போவோம். பதினொரு மணிக்கு இரண்டு நிமிசம் பேச்சில்லை. பழைய வீரர் சங்கத்தின் கிளைக்கொடியைப் பிடித்திருப்பவர் அதை மெல்லச் சாய்த்து, துணி நிலத்தைத் தொடும் வரை இறக்குவார். கை நடுங்கும் வயசு. ஆனாலும் வேறு ஆளிடம் குடுக்க மாட்டார்.

---

கரிசல்காடு

மலர் அக்கா, படித்தேன். ஆலைப் பெண்களின் கதையும் லோஸும் எனக்குப் புதிது. சணல் எங்கே விளைந்தது, யார் கையில் நெய்யப்பட்டது, அந்த வீட்டு ஆண் எங்கே போய்ச் செத்தான் என்பதை ஒரே நூலில் கோக்கலாம் போலிருக்கிறது. பேரரசின் லாபம் அந்தத் தெருக்களுக்கும் வரவில்லை.

என் கேள்வியை விட்டுவிடவில்லை. செப்டம்பர் 25ஐ நினைப்பவர்கள் மே 4ஐயும், திப்பு விழுந்த நாளையும், எதிர்ப்பக்கத்துச் சாவையும் ஒரு வரியாவது சொல்ல வேண்டும் என்பதுதான் என் ஆசை. டே நதிக்கரை, அந்த அருங்காட்சியகத்தில் கருத்துப் புத்தகம் இருந்தால் தமிழிலேயே எழுதி வையுங்கள்.

---

டே நதிக்கரை

கட்டாயம் எழுதுகிறேன். அங்கே தன்னார்வலர்களாக இருப்பவர்களில் பலர் பழைய வீரர்களும் அவர்கள் குடும்பத்தாரும்தான். கேட்டால் மூடி மறைக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

சங்கத்தின் வேலையையும் சொல்லிவிடுகிறேன். கூடல், விருந்து எல்லாம் வெளியே தெரிவது. உள்ளே நடப்பது உதவி. வேலை போன பழைய சிப்பாய்க்கு, வீட்டில் ஹீட்டர் பழுதான விதவைக்கு, போரின் நினைவால் தூக்கம் கெட்டவனுக்கு என்று கிளைகள் மூலம் கவனித்துக்கொள்கிறார்கள். தூரத்துக் கிளைகளும் உண்டு. கனடாவின் மான்ட்ரியாலில் இதே பெயரில், இதே சிவப்பு இறகோடு ஒரு ரெஜிமென்ட் இருக்கிறது, 1862இல் தொடங்கியது. ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு பிளாக் வாட்ச் பெயரிலேயே கேடட் பட்டாலியன் இருக்கிறது. அங்கே சேரும் பிள்ளைகள் எல்லாரும் ராணுவத்துக்குப் போவதில்லை, ஆனால் பைப்பும் டிரம்மும் படித்துவிடுகிறார்கள்.

அரசர் குடும்பத்துத் தொடர்பும் ஊர்த் தொடர்பாகத்தான் பார்க்கிறார்கள். ராணித் தாய் எலிசபெத் (இரண்டாம் எலிசபெத் ராணியின் அம்மா) 1937 முதல் 2002இல் இறக்கும் வரை ரெஜிமென்டின் கௌரவத் தலைவி. அவர் வளர்ந்தது ஆங்கஸில் கிளாமிஸ் கோட்டையில். அண்ணன் ஃபெர்கஸ் பிளாக் வாட்சில் இருந்து லோஸில்தான் செத்தார். ஆலைத் தொழிலாளி வீட்டுக்கும் கோட்டை வீட்டுக்கும் அந்த வாரம் ஒரே செய்தி வந்தது.

---

வெலிங்டன்காரன்

இப்போது பட்டாலியன் இருப்பது ஃபோர்ட் ஜார்ஜில் என்று கேள்வி. இன்வர்னெஸ் பக்கம். அதை மூடப் போகிறார்கள் என்று படித்தேன், உண்மையா?

---

டே நதிக்கரை

2007 முதல் அங்கேதான் இருக்கிறார்கள். குலோடனுக்குப் பிறகு ஹைலேண்டை அடக்கவே கட்டி 1769இல் முடித்த கோட்டை அது. 2032க்குள் மூடுவோம் என்று பாதுகாப்பு அமைச்சகம் 2016இல் அறிவித்தது. பட்டாலியன் போனால் பக்கத்து ஆர்டர்சீயர் கிராமத்தின் கடை, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் அடி விழும். அங்கே உள்ளவர்கள் இதைப் பற்றி உண்மையிலேயே கவலைப்படுகிறார்கள்.

இன்னும் சிப்பாய்கள் வசிக்கும் கோட்டையானாலும் டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம். மதிலில் நின்றால் மோரே வளைகுடாவில் டால்பின் தெரியும். கீழே அதிகாரிகளின் நாய்களுக்கும் ரெஜிமென்ட் செல்லங்களுக்கும் தனிக் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

---

சின்னப்பொண்ணு

அடுத்த வருடம் அக்கா வீட்டுக்கு கிளாஸ்கோ வருகிறோம். இதில் எதைப் பார்க்கலாம்? எந்த மாதம் நல்லது?

---

டண்டி மலர்

செப்டம்பரில் வாங்கோ. முதல் சனி பிரேமார், டிக்கெட்டை முந்தியே எடுக்க வேண்டும். பெர்த்தில் அருங்காட்சியகம், அங்கிருந்து அபர்ஃபெல்டி பஸ்ஸில் போகலாம். 25ஆம் தேதி வரை நின்றால் டண்டிக்கு வந்து லோ குன்றில் விளக்கு ஏற்றுவதைப் பார்க்கலாம். உச்சி வரை கார் போகும், ஆனால் மேலே இடம் குறைவு, கீழே விட்டுவிட்டு நடந்து ஏறுங்கோ. மேலே சரியான காற்று, தடித்த ஜாக்கெட் கட்டாயம். வரும் தேதியைத் தனிமடலில் போடுங்கோ, இரவு வேலை இல்லாவிட்டால் நானும் வாறன்.